ஞாயிறு மேட்னியில் இல்லாத காட்சி

திருவண்ணாமலை
12.6.1994

அன்பு மகள் எழிலுக்கு,

அப்பா வேடியப்பன் எழுதுகிறேன். நானும் உன் அத்தை காசியம்மாளும் சுகமாகத்தான் இருக்கிறோம். உன் சுகம் என்னவென்று நீயாக நாலு வரி எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். அது எப்போதாவது நடக்கிற அதிசயம். இந்த முறை கடிதம் வந்ததும் தபால்காரர் வாசலிலேயே நின்று, "பட்டணத்துப் பொண்ணு எழுதி இருக்குது, டீ வாங்கிக் குடு" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

நீ கேட்ட பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுபத்தைந்திலிருந்து எண்பத்தைந்து வரை நம் தியேட்டரில் நான் ஓட்டிய குடும்பப் படங்கள் மொத்தம் இருபத்து மூன்று. அழுகை ஜாஸ்தி உள்ளதற்கு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். கம்மி என்று சொல்ல இரண்டுதான் தேறியது. "குடும்பப் படங்களில் பற்றும் இழப்புத் துயரமும்" என்று உன் ஆராய்ச்சித் தலைப்பை மூர்த்தியிடம் காட்டினேன். என்னோடு ஆபரேட்டர் ரூமில் உதவியாக இருக்கிறானே, அவன்தான். "இன்னா மாமா, சினிமா பாத்து அழறதுக்கெல்லாம் பட்டம் குடுக்கறாங்களா? அப்ப எங்கம்மாவுக்கு எப்பவோ குடுத்து இருக்கணுமே" என்றான். மனோதத்துவம் என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அத்தைக்கும் அந்தக் கவலை உண்டு.

அத்தை அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் போடுகிற மோர்க்கடையில் இப்போது சுண்டலும் சேர்த்திருக்கிறாள். மலை சுற்ற வருகிற கூட்டம் மாதத்துக்கு மாதம் ஏறுகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆடி பத்து உன் அம்மாவின் நாள். அவள் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. நாலு வருஷமாக நீ படையலுக்கு வரவில்லை. பரீட்சை என்கிறாய், வகுப்பு என்கிறாய். ஒருநாள் வந்து ஒரு கை சோறு தின்றுவிட்டுப் போகக் கூடாதா? பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்புடன்,
அப்பா


சென்னை
3.7.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

பட்டியல் கிடைத்தது. நட்சத்திரங்களுக்கும் சேர்த்து நன்றி. எங்கள் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாதான் உண்மையான ஆராய்ச்சியாளர்" என்றார். அதை மூர்த்தி அண்ணனிடம் சொல்லுங்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டுதான் உலகத்தைப் பார்க்கிறது. அந்த ஆள் சட்டென்று இல்லாமல் போனால் முதலில் கத்தும். அப்புறம் தேடும். கதவைப் பார்க்கும், செருப்புச் சத்தம் கேட்டால் ஓடும். அதற்கும் அப்புறம் சத்தமே இல்லாமல் ஆகிவிடும். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான் பெரியவர்கள் "சமத்து, மறந்துட்டா" என்பார்கள். அது மறதி இல்லை என்று இந்தப் படிப்பு சொல்கிறது. குழந்தைக்கு உண்மையைச் சொல்லி, பெரியவர்களோடு உட்கார்ந்து அழ விட்டால்தான் அது அந்த இழப்பைத் தாண்டி வரும் என்கிறார்கள். நம் குடும்பப் படங்களில் இதெல்லாம் எப்படிக் காட்டப்படுகிறது, பார்க்கிற ஜனங்கள் அதில் யாருக்காக அழுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. எங்கள் விடுதியில் சமைக்கிற சரசு அக்காவைக் கேட்டேன். "வூட்ல அழுதா ஏன் அழறேன்னு கேப்பாங்க. சினிமா கொட்டாயில யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றார். ஒரு அத்தியாயம் முழுக்க நான் எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் ஏழாவது படம், மூன்று அண்ணன்களும் ஒரு தங்கையும் வருவது. அதை நான் சின்ன வயதில் நம் தியேட்டரில் ஆறேழு முறை பார்த்திருக்கிறேன், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. போன வாரம் வீடியோ கேசட் எடுத்துவந்து போட்டேன். இடைவேளைக்குப் பிறகு தாய் இறந்துபோகிற காட்சி ஒன்று வருகிறது. ஒன்பது நிமிஷம். கடைசிப் பெண்ணை மடியில் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டே தாய் சாய்ந்துவிடுகிறாள். அப்பா, அந்தக் காட்சியை நான் பார்த்ததே இல்லை. வேறு படத்தோடு குழப்பிக்கொண்டேனா என்று மறுபடி போட்டேன். மற்றது எல்லாம் மனப்பாடம். அது மட்டும் இல்லை.

அதற்கப்புறம் இன்னும் நாலு படம் பார்த்தேன். நாலிலும் இதே கதை. தாய் சாகிற இடம் மட்டும் எனக்குப் புதிதாக இருக்கிறது.

வெட்டினீர்களா?

தங்கள் அன்பு மகள்,
எழில்


திருவண்ணாமலை
15.7.1994

அன்பு மகள் எழிலுக்கு,

உன்னைப் படிக்க வைத்தது தப்பாகப் போயிற்று. பெற்ற அப்பனையே துப்பு துலக்குகிறாய். முதலில், பிலிம் பழசு, அறுந்துபோயிருக்கும் என்று எழுதலாமா என்று பார்த்தேன். ஐந்து படத்திலும் ஒரே இடத்தில் அறுந்தது என்று சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிடும்.

ஆமாம், வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னை அடி அண்ணாமலையில் அத்தை வீட்டிலிருந்து சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்து மேட்னிக்கு உட்கார வைப்பேனே. அன்றைக்குக் காலையில் பிலிமைச் சுற்றிப் பார்க்கும்போது, அந்த இடத்தை பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டு பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டிவிடுவேன். மேட்னி முடிந்ததும் வெட்டியதைப் பழையபடி சேர்த்துவிடுவேன். வெளியே தெரியாது. ஒருமுறை தெரிந்துவிட்டது. கீழ்நாத்தூரிலிருந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் மாடிப்படி ஏறி ரூமுக்கே வந்துவிட்டார்கள். "யோவ் ஆபரேட்டர், அழற சீனு எங்கய்யா? எங்க ஓர்ப்படி நேத்து வந்து நல்லா அழுதுட்டுப் போனா. நாங்க மட்டும் இன்னா பாவம் பண்ணோம்?" என்று ஒரே சண்டை. விஷயம் முதலாளி காதுக்குப் போய் வேலையே போகப் பார்த்தது. அதற்கப்புறமும் விடவில்லை. ஜாக்கிரதையாகச் செய்தேன், அவ்வளவுதான்.

நீ எட்டு வயசில் தாயை இழந்த பிள்ளை. திரையில் ஒருத்தி சாவதைப் பார்த்து நீ ஏங்கிவிடக் கூடாது என்றுதான் செய்தேன். என் மகள் கண்ணில் தண்ணீர் வராமல் வளர்த்தேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. நீ அழுது நான் பார்த்ததே இல்லை. ஊரில் அத்தனை பேரும், "வேடியப்பன் பொண்ணு மாதிரி சமத்து உண்டா" என்றார்கள். இதை உன் ஆராய்ச்சியில் எழுதுவதானால் அப்பன் பெயரைப் போட்டே எழுது.

ஆடி பத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா


சென்னை
24.7.1994

அப்பாவுக்கு,

கர்வம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை.

உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? அந்த மூன்று அண்ணன் படம். தாய் விளக்கேற்றுகிறாள், அடுத்த காட்சியில் அவள் இல்லை. படம் முடிந்து வணக்கம் போடுகிற வரைக்கும் வரவில்லை. நான் மாடிப்படி ஏறி வந்து உங்களிடம், "அந்த அம்மா எப்பப்பா வருவாங்க?" என்று கேட்டேன். நீங்கள் பிலிமைச் சுற்றிக்கொண்டே, "அவங்க வர்ற ரீல் இன்னும் நம்ம ஊருக்கு வரல கண்ணு" என்றீர்கள்.

நான் நம்பினேன். அப்போது அம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். அம்மா ஆடி மாதம் செத்துப்போனாள். நீங்கள் எல்லோரும் கொள்ளி வைத்து, கருமாதி முடித்து, தலை முழுகிவிட்டீர்கள். நான் அத்தை வீட்டில் ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டு ஐப்பசி முடிகிற வரை காத்திருந்தேன். நாலு மாதம். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கும்போது பக்கத்தில் நின்ற பெண், "உங்கம்மா செத்துட்டாங்களாமே" என்றாள். "இல்ல, எங்கம்மா வர்ற ரீல் இன்னும் வரல" என்றேன். வரிசையே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ரூமுக்குக் கூட்டிப்போய் பிஸ்கட் கொடுத்தார். அந்த பிஸ்கட்டைத் தின்னும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நான் யாரிடமும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் படையலுக்கு என்னை உட்கார வைத்தீர்கள், அவ்வளவுதான். அதைத்தான் சமத்து என்று சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து வருஷமாக என்னால் அழ முடிவதில்லை அப்பா. சரசு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேசட்டைப் பார்த்து முந்தானை நனைய அழுகிறார். நான் நிமிஷக் கணக்கு எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு கேள்வி. அந்தக் காட்சியை எனக்காகத்தான் வெட்டினீர்களா? நான் வராத நாளில் அதே காட்சி ஓடும்போது நீங்கள் பார்த்தீர்களா?

இன்னொன்று, வேலூரில் என்ன நடந்தது? நான் பெரியவளான பிறகு எப்போதோ ஒருமுறை கேட்டதற்கு, "சின்னப் பிள்ளைங்கள வார்டுல விட மாட்டாங்க" என்றீர்கள். அது உண்மையா? அம்மா என்னைக் கேட்டாளா?

இதற்குப் பதில் வருகிற வரை நான் படையலுக்கு வருவதாக இல்லை. யாருக்குப் படைக்கிறோம் என்றே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

எழில்


திருவண்ணாமலை
18.9.1994

அன்பு மகள் எழிலுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. உடனே எழுதாததற்குக் காரணம் வேலைதான். மிஷின் ஒன்று பழுதாகி மெக்கானிக் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆடி பத்தை நானும் அத்தையுமாக முடித்தோம். உனக்குப் பிடிக்கும் என்று அத்தை கொழுக்கட்டை செய்திருந்தாள். நீ வராததில் அவளுக்கு வருத்தம்தான். "படிச்ச புள்ள, வேல இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் புதிதாக நாலைந்து கடைகள் வந்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு இட்லி தின்கிறார்கள். நீ பார்த்தால் சிரிப்பாய். வேங்கிக்கால் பக்கம் ஒரு மனை வாங்கிப் போடச் சொல்கிறான் மூர்த்தி. எனக்கு எதற்கு?

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது கண்ணு. ஆறிப்போனதைக் கிளறினால் யாருக்கு லாபம்? உன் அம்மா புண்ணியவதி, அதிகம் கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தாள். அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள். தீபாவளிக்கு வந்துவிடு.

அன்புடன்,
அப்பா


சென்னை
10.10.1994

அப்பாவுக்கு,

கேட்டதற்குப் பதில் வரவில்லை. தீபாவளிக்கு நான் வரவில்லை. அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

எழில்


திருவண்ணாமலை
25.11.1994

எழிலுக்கு,

தீபம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. ஊர் காலியாக இருக்கிறது. இன்றைக்கு மேட்னியை மூர்த்தியிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன். அதனால் தப்பும் தவறுமாக இருந்தாலும் அப்படியே அனுப்புகிறேன்.

உன் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, மூர்த்தி சொன்னான். போன வாரம் பேச்சுவாக்கில் அவனிடம், "நான் அந்தக் காலத்துல அழற சீன் ஓடறப்ப இன்னாடா பண்ணுவேன்?" என்று கேட்டேன். "நீ எங்க மாமா பாத்த? அந்த சீன் வந்தா என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டு பீடி பத்த வைக்க வெளிய போயிடுவியே" என்றான். எனக்கு அது தெரியவே தெரியாது எழில். பதினைந்து வருஷமாக நான் வெளியே போயிருக்கிறேன், எனக்கே தெரியாமல். அந்தக் காட்சிகளை நூறு தடவை நறுக்கி ஒட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஓட விட்டுப் பார்த்ததில்லை.

வேலூரைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் அம்மாவுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. ஆடி ஏழாம் தேதி காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்று சொல்லிவிட்டார். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "ஏங்க, பாப்பாவக் கூட்டினு வாங்க. ஒரு வாட்டி பாத்துடறேன்" என்றாள். வார்டில் சின்னப் பிள்ளைகளை விட மாட்டார்கள் என்று உனக்குச் சொன்னது பொய். அங்கே இருந்த நர்ஸம்மாவே, "பொண்ணக் கூட்டிட்டு வாங்க, நேரத்தக் கடத்தாதீங்க" என்றார்.

நான் பஸ் ஏறினேன். போளூர் தாண்டி, இங்கே வந்து இறங்கி, அடி அண்ணாமலை வரை வந்தேன். நீ அத்தை வீட்டு முன்னால் பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு நின்று ஆட்டுக்குட்டிக்கு அகத்திக்கீரை காட்டிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "அம்மா வந்துட்டாங்களா?" என்று ஓடிவந்தாய். உன்னைக் கையில் பிடித்து பஸ் ஏற்றினால் வழியெல்லாம் கேட்பாய். அங்கே கட்டிலில் அவளைப் பார்த்து நீ கத்துவாய், உன்னைப் பார்த்து அவள் கத்துவாள், நடுவில் நான் நிற்க வேண்டும். என்னால் அது முடியாது என்று தோன்றியது. உனக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் எனக்காகத்தான். பையில் இருந்த பொரி உருண்டையை உன் கையில் கொடுத்தேன், "அம்மா நல்லா இருக்காங்க" என்றேன், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அத்தைக்குக்கூட எதற்கு வந்தேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் உன் அம்மா கண் விழித்ததும், "எங்க பாப்பா?" என்று கேட்டாள். நான், "வந்துட்டுப் போனாளே பச்சையம்மா. நீ அசந்து தூங்கினு இருந்த. ஸ்கூலுக்கு நேரம் ஆச்சுன்னு அக்கா கூட்டினு போயிட்டா" என்றேன்.

அவள் வார்டு வாசலைப் பார்த்தாள். அப்புறம், "எழுப்பி இருக்கக் கூடாதாங்க?" என்றாள்.

"இன்னா பாவாட போட்டுனு இருந்தா?" என்று கேட்டாள். அவள் கையால் தைத்த பச்சைப் பாவாடையைச் சொன்னேன். "தல சீவி இருந்துச்சா?" "சீவி இருந்துச்சு." "பின்னல் ஒண்ணா ரெண்டா?" "ரெண்டு." அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அதற்கப்புறம் அவள் தூங்கவில்லை எழில். நீ மறுபடி வந்தால் தவறவிட்டுவிடக் கூடாது என்று கண்ணை மூட மாட்டேன் என்றுவிட்டாள். "கண்ணு சொக்குதுங்க, கொஞ்சம் தண்ணி தெளிங்க" என்பாள். நான் தெளிப்பேன். டாக்டர் தூங்கச் சொன்னார், நர்ஸம்மா தூங்கச் சொன்னார், கேட்கவில்லை. இரண்டு நாள் வார்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தாள். அப்போதுகூட ஒரு ஆளை அனுப்பியிருந்தால் அரை நாளில் நீ வந்திருப்பாய். அனுப்பினால் நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்துகொண்டு, நான் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். பத்தாம் தேதி மேட்னி இடைவேளை விடுகிற நேரம், மூன்றரை மணி இருக்கும். "ஸ்கூல் வுடற நேரம் ஆச்சா?" என்று கேட்டாள். ஆகவில்லை என்றேன். அவ்வளவுதான்.

கஷ்டப்படாமல் போனாள் என்று உனக்கு எழுதினேனே, அதுவும் பொய்.

கருமாதி முடிந்து உன்னை எதிரே நிறுத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு மாதம் ஓடியது. பிறகு உனக்கே தெரிந்துவிட்டது என்று டீச்சர் ஆள் அனுப்பிச் சொன்னபோது, எனக்கு வந்தது நிம்மதி. என்ன அப்பன் நான்.

இதை எழுதி முடித்ததும் தேரடித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். யோசித்தால் போட மாட்டேன்.

அப்பா


திருவண்ணாமலை
16.1.1995

அன்பு மகள் எழிலுக்கு,

பொங்கல் வாழ்த்து. போன கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. அத்தை உனக்காக ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள். மாம்பழ நிறம்.

முன்பு எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. உன் அம்மாவுக்கு ஜவ்வரிசி வடாம் என்றால் உயிர். வார்டில்கூடக் கேட்டாள், உப்பு ஆகாது என்று தரவில்லை. இப்படிச் சின்னச் சின்னதாக என்னென்னவோ ஞாபகம் வருகிறது இப்போது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ தெரியவில்லை.

அப்பா


திருவண்ணாமலை
7.5.1995

எழிலுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சென்னையில் வெயில் ஜாஸ்தி என்று பேப்பரில் போட்டிருக்கிறது. நீ திட்டியாவது ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடாததற்கும் உனக்கு நியாயம் இருக்கிறது.

அப்பா


சென்னை
5.7.1995

அப்பாவுக்கு,

உங்கள் கார்த்திகை மாதக் கடிதத்தை விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். தண்ணீர் தெளித்த இடம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். மீதியைப் படிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்கப்புறம் உங்களுக்கு ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் திட்டியிருந்தேன். ஒன்றில், நீங்கள் செய்தது ஏன் என்று என் படிப்பை வைத்து நாலு பக்கத்துக்கு விளக்கியிருந்தேன். துயரத்தைத் தாங்க முடியாத பெரியவர்கள் அதைக் குழந்தையின் பேரில் எழுதிவைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள் என்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்தால் யாரோ எழுதிய மாதிரி இருந்தது, அதனால் அதையும் கிழித்தேன்.

ஆராய்ச்சியைப் போன மாதம் கொடுத்துவிட்டேன். உங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இருபத்து மூன்று படத்தைப் பற்றி இருக்கிறது. நல்ல வேலை என்றார்கள்.

பின்னலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பச்சைப் பாவாடையோடு, இரண்டு பின்னலோடு, அம்மா தூங்கும்போது வந்துவிட்டுப் போன ஒரு பெண். அம்மா அவளை நினைத்துக்கொண்டுதான் செத்திருக்கிறாள். எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமையாக இருக்கிறது. இருபத்து நாலு வயதில், இல்லாத ஒரு எட்டு வயதுப் பெண்மேல். இதை யாரிடம் சொல்ல முடியும்? சரசு அக்காவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போது அழுதேன். பதினாறு வருஷத்துக்குப் பிறகு. அசிங்கமாக, மூக்கு ஒழுக, எச்சில் ஒழுக. சினிமாவில் யாரும் அப்படி அழுவதில்லை.

அம்மா உங்களைக் கேட்டதை நானும் கேட்டுவிடுகிறேன். எழுப்பியிருக்கக் கூடாதா அப்பா? அவளையும் என்னையும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் இதோடு முடிந்தது என்று இருக்கும். ஆனால் அப்படி எழுதினால் நானும் கஷ்டமான இடத்தை நறுக்கிவிட்டு முடிவை ஒட்டினவளாகிவிடுவேன். அது எனக்கு வேண்டாம்.

ஆடி ஏழு இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. காலை பஸ்ஸில் வருகிறேன். பத்தாம் தேதி வரை இருப்பேன். அந்த நாட்களில் நடந்ததை ஒவ்வொரு நாளாக, அந்தந்த நாளிலேயே, உங்கள் வாயால் எனக்குச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னதிலிருந்து, மூன்றரை மணி வரைக்கும். எழுதியதில் விட்டுப்போனது எதுவானாலும் சொல்லுங்கள். நடுவில் எழுந்து வெளியே போகக் கூடாது. நான் அழுதால் சமாதானம் செய்யக் கூடாது. உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தையும் பக்கத்தில் இருக்கட்டும், அவளுக்கும் தெரியாதே.

அதற்குப் பிறகு நான் உங்களோடு எப்படி இருப்பேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. படையல் முடிந்து சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு நாள் இருந்தாலும் இருப்பேன். அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறினாலும் ஏறுவேன். ஏறினால் தடுக்க வேண்டாம், பின்னாலும் வர வேண்டாம். பஸ் நிலையத்துக்கு அழைக்க வர வேண்டாம். வீட்டில் இருங்கள்.

பச்சையம்மாள் மகள்,
எழில்